பிரஷை மாத்தியாச்சா?

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு, எதிரே யார் சிரித்தாலும் கண் முதலில் ஈறுக்குத்தான் போகும். கோவில்பட்டியில் ஒரு பல் டாக்டரிடம் நான் உதவியாளர். "மூணு மாசத்துக்கு ஒருக்க பிரஷை மாத்துங்க, நார் விரிஞ்சுட்டா அதுக்கு முன்னாடியே மாத்துங்க" என்று சொல்லி அனுப்புவது என் பொறுப்பு. மாற்றினார்களோ இல்லையோ என்று வீட்டிலும் இருப்புக் கொள்ளாமல் தவிப்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட பொறுப்பு. சொன்னதையே தினமும் சொல்கிற வேலையில் நீங்களும் இருந்தால் இது புரியும்.

மாற்றிய கதை

கழுகுமலையிலிருந்து மாரியம்மாள் வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஈறில் ரத்தம். சுத்தம் செய்து, பிரஷ் பாடமும் நடத்தி அனுப்பினோம். ஒரு மாதத்தில் மறுபடியும் ரத்தம். எனக்குப் பொறுக்கவில்லை. பிரஷைக் கொண்டுவரச் சொன்னேன். நார் இரண்டு பக்கமும் சாய்ந்து நடுவில் பிளாஸ்டிக் தெரிந்தது. அது அழுக்கை எடுக்காது, ஈறைத்தான் கிழிக்கும். "சொன்னேனே, மாத்தலையா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

"மாத்திட்டேனேம்மா! எங்க வீட்டுக்காரவிய பிரஷை நான் எடுத்துக்கிட்டேன், என்னோடதை அவியளுக்குக் கொடுத்துட்டேன்."

அழுத்தம்

கயத்தாறு லாரி டிரைவர் ஒருவருக்குப் பல்லெல்லாம் ஈறோரத்தில் பள்ளம். பிரஷ் வாங்கி இருபது நாள்தான் என்றார். நாரோ துவண்டு கிடந்தது. மெதுவாகத் தேயுங்கள், மெல்லிய நார் பிரஷ் வாங்குங்கள் என்றேன்.

"அழுத்தாட்டா நம்பிக்கை வரமாட்டேங்கு தங்கச்சி, பிரேக்கானாலும் சரி, பிரஷ்ஷானாலும் சரி."

பெட்டிக்குள் இருந்தது

புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பல் முகாம். ஆடு மேய்க்கும் பெருமாள்சாமிக்குச் சர்க்கரை. ஈறு வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. டாக்டர் சீழை எடுத்து, மாத்திரை கொடுத்து, ஐந்தாம் நாள் கோவில்பட்டிக்கு வரச் சொன்னார். பழைய பிரஷைத் தூரப் போடச் சொல்லி, புதிதாக ஒன்றை நானே அவர் கையில் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ஆளைக் காணோம். போன் போட்டால் எடுக்கவில்லை. சர்க்கரைக்காரருக்குச் சீழ் தாடைக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தவளால் எப்படி உட்கார முடியும்? ஏழாம் நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

கரிசல் வெடித்துக் கிடந்த காட்டில் ஆடுகளோடு நின்றார். தாடை கல்லாக இறுகியிருந்தது, உடம்பு கொதித்தது. வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். கையோடு கூட்டி வந்தேன். இரண்டு பல் போயிற்று, ஆள் தப்பினார். பேசத் தெம்பு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, அந்தப் புதுப் பிரஷில்தானே தேய்க்கிறீர்கள் என்பதுதான்.

"அது புதுசுல்லா தாயி, எங்கயாவது விசேஷ வீட்டுக்குப் போறப்ப எடுக்கலாம்னு பெட்டிக்குள்ள வச்சிருக்கேன்."

மற்றவர்களுக்குப் பல் வலி என்றால் டாக்டர் இருக்கிறார். சொல்லிச் சொல்லியே எனக்கு வருகிற வாய் வலிக்கு எங்கே போக?