முள் வெள்ளைக் கோட்டுக்குள் வரட்டும்

இன்று தெல்தெனிய ஊருக்குப் போகும் பஸ் பல்லேகல ஊரைத் தாண்டி இறக்கத்தில் பறந்தது.

"டிரைவர் தம்பி, மெதுவா! இதுவே பிளேனா இருந்தா ஃபிளாப் பிஞ்சிருக்கும்!" என்று கத்தினேன்.

பக்கத்து சீட் அக்கா கேட்டார்: "அது என்னாங்க ஃபிளாப்?"

"இறக்கைக்குப் பின்னால இருக்கிற தகடுங்க. தரையிறங்குறப்ப கீழே மடக்குவாங்க. வேகம் கொறஞ்சு ஸ்பீட் மீட்டர்ல முள் வெள்ளைக் கோட்டுக்குள்ள வந்த பொறகுதான் அதைத் தொடணும். வெளிநாட்டுல பைலட்டுக்குப் படிக்கிற என் மகளுக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன்!"

(வீடியோ கோலில் அவளும் கொஞ்சம் எனக்குச் சொன்னாள்.)

"மக எப்பங்க ஊருக்கு வருது?"

பஸ்ஸுக்கே பாடம் எடுத்த நான், "கேட்டுச் சொல்றேங்க" என்று போனை எடுத்து இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன்.

மகளே, பிளேனை மெதுவாகவே இறக்கு. வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் வேகமாக வா. வழக்கம்போல லைக் போட்டுவிட்டு ஓடாதே, கீழே கமெண்டில் நீ வரும் தேதியை எழுது. அக்காவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.