இருபத்தேழாம் எண்

இதில் ஒரு வரிகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. சேர்ப்பதாக இருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டியிருப்பேன். படித்து முடித்ததும் உங்களுக்கே தெரியும்.

அப்போது நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. வருகைப் பதிவேட்டில் என் எண் இருபத்தாறு. பக்கத்தில் உட்கார்ந்தவள் இருபத்தேழு. வகுப்பில் அவளுக்கு ‘டிக்‌ஷனரி’ என்று பெயர். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில் முடித்துவிட்டு வந்தவள். தெரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் அகராதியைப் புரட்டுவாள். நாலு பேர் முன்னால் ஆங்கிலம் பேசச் சொன்னால் கழுத்தெல்லாம் வியர்த்துவிடும். ஆனால் எழுத உட்கார்ந்தால் எங்களில் ஒருவரும் அவள் கிட்ட நிற்க முடியாது. கவிதை படிக்கும்போது எந்த அசை அழுத்தமாக ஒலிக்கிறது என்று விரல் முட்டியால் பெஞ்சில் தட்டித் தட்டிப் பார்ப்பாள். மெல்ல ஒன்று, பலமாக ஒன்று. டக்... டொக்.

அவள் சத்தமாகச் சொல்லும் ஒரே ஆங்கிலம், வருகைப் பதிவு எடுக்கும்போது சொல்லும் “எஸ் மேம்”. அதுவும் பாதியில் குரல் உடைந்துவிடும். நான் அதை அப்படியே செய்து காட்டுவேன். கேன்டீனில் சிரிப்பு அள்ளும். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்தாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்தாள்.

“காய்ச்சலா இருக்குடி. நாளைக்கு ஒரு நாள் மட்டும் எனக்கும் சேர்த்து அட்டெண்டன்ஸ் சொல்லிடுறியா?”

“சொல்றேன். என் அசைன்மென்ட் என்னாச்சு?”

அவள் இருமுவது கேட்டது.

“எழுதிட்டுத்தான் இருக்கேன்.”

ஆமாம். வெள்ளிக்கிழமை நான் கொடுக்கவேண்டிய கட்டுரையை அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டாயா என்று நான் கேட்கவில்லை.

திங்கள், காலை 9.07. கவிதை வகுப்பு. மேடம் வரிசையாக எண்களைப் படித்தார். இருபத்தேழு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, குரலை உடைத்து, “எஸ் மேம்” என்றேன். பின் பெஞ்சில் களுக்கென்று சிரிப்பு. மேடம் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செவ்வாயும் அவள் வரவில்லை. யாரும் கேட்காமல் நானாகவே சொன்னேன். சிரிப்பு வாங்கிப் பழகிவிட்டது. அதோடு, அவள் அறையில் இருந்தால் என் கட்டுரை வளரும் என்று ஒரு கணக்கு. தொந்தரவு செய்யவேண்டாம் என்று போன்கூடச் செய்யவில்லை.

அன்றைக்கு ஒரு சின்ன விஷயம் நடந்தது. அவள் இடத்தில் வைத்திருந்த என் பையை வகுப்பு முடிந்து எடுத்தேன். அடிப்பக்கம் சொதசொதவென்று நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை. தண்ணீர் பாட்டில் மூடியபடியே இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை.

புதன், 9.07. என் எண்ணுக்கு “எஸ் மேம்” சொல்லிவிட்டு, அடுத்ததற்கு மூச்சை இழுத்தேன். அதற்குள்...

“எஸ் மேம்.”

நான் வாயைத் திறக்கவில்லை.

முன் பெஞ்சுக்காரி திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினாள். “இன்னிக்கு சூப்பர்டி. அவளேதான்னு நெனச்சுட்டேன்.”

என் முழங்கைக்குக் கீழே பெஞ்சுப் பலகை லேசாக அதிர்ந்தது.

டக்... டொக்.

டக்... டொக்.

மணி அடிக்கும்வரை அது நிற்கவில்லை. எலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கரும்பலகையை விட்டுக் கண்ணை நகர்த்தவில்லை.

வியாழன். இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு போனேன்.

9.07.

“இருபத்தாறு.”

“எஸ் மேம்.”

“இருபத்தேழு.”

கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மின்விசிறிச் சத்தம் மட்டும்.

பிறகு... என் இடது காதை ஒட்டி... குரல் உடையாமல்... மெதுவாக...

“நான் வரல மேம்.”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் ஏதோ புது வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்தார்கள். மேடம் நிமிர்ந்தார்.

நான் எழுந்து ஓடினேன்.

அவள் தங்கியிருந்தது ஒரு தையல் கடைக்கு மேலே, தனி அறை. நான் போய்ச் சேர்ந்தபோது 9.40. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. என் சத்தம் கேட்டுத் தையல்காரர் மேலே வந்தார்.

“ரெண்டு நாளா மேல தட்டுற சத்தம் கேட்டுச்சும்மா. பாப்பா ஏதோ ஆணி அடிக்குதுன்னு நெனச்சேன். நேத்து ராத்திரியோட நின்னுபோச்சு.”

அவரும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து கதவை உடைத்தார்கள்.

குளியலறையில் கிடந்தாள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் அவள் போன். அவள் அப்பாவிடமிருந்து எடுக்காத அழைப்புகள் பதினொன்று. என்னிடமிருந்து ஒன்றுகூட இல்லை.

மேசைமேல் என் கட்டுரை இருந்தது, முடிக்கப்பட்டு, முதல் பக்கத்தில் என் பெயரோடு. தையல்காரர் போலீசுக்குப் போன் செய்யக் கீழே இறங்கிய நேரத்தில் அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கொடுத்தேன். இருபதுக்குப் பதினெட்டு.

திங்கள் சாயங்காலம் விழுந்திருக்கிறாள், புதன் ராத்திரிதான் உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கல்லூரியில் குளியலறையில் விழுந்து இறந்தாள் என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. செவ்வாய் மதியமே அவள் அப்பா கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். கிளார்க் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாளும் வந்திருக்காங்க சார்” என்றாராம். அவரும் நன்றி சொல்லி வைத்துவிட்டார். பிணவறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ ஒருத்தியாவது அவளைத் தேடிப் போனியேம்மா” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையை நான் தட்டிவிட்டிருக்க வேண்டும்.

எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. தேர்வுக்கு ஹால் டிக்கெட்டில் கையெழுத்து வாங்கப் போன அன்று, மாலை 4.20, ஆசிரியர் அறையில் மேடம் தனியாக இருந்தார். அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“மேம்... அந்த வாரம் அவளுக்கு அட்டெண்டன்ஸ் சொன்னது நான்தான்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“திங்கக்கிழமை உன் குரல்னு எனக்குத் தெரியும். போனாப் போகுதுன்னு விட்டேன்.”

“செவ்வாய்க்கிழமையும் மேம்...”

“இல்லம்மா. ஒரு தடவ ஏமாந்தா போதாதா? செவ்வாயும் புதனும் நிமிர்ந்து ஆளைப் பாத்துட்டுத்தான் போட்டேன். உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தா.”

மேடம் என் ஹால் டிக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வகுப்பு முடியற வரைக்கும் உன் காதுகிட்டக் குனிஞ்சு என்னமோ சொல்லிட்டே இருந்தா. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ற மாதிரி. நீ அவ பக்கம் திரும்பவே இல்ல.”

ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

“உங்களுக்குள்ள ஏதோ சண்டைன்னு நெனச்சேன்.”