குழாய் மூச்சு வாங்கிய காலை

எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர்த் தொட்டி ஆறு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதிக்காகச் செய்யப்பட்டது. பக்கத்து ஊரான தானா ராத்தாவில் அந்த விடுதியை மூடியபோது மலிவாகக் கிடைத்ததென்று லோரியில் ஏற்றி, எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொட்டி சமையலறையில் நின்றதும் சாப்பாட்டு மேசை முன்னறைக்குப் போனது. முன்னறை சோபா வாசலுக்குப் போனது. மகளுக்குக் குளிர் ஆகாது. காலையில் பச்சைத் தண்ணீர் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். அதனால் சோபா மழையில் நனைவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தொட்டி வந்ததிலிருந்து குழாய் தட்டத் தொடங்கியது.

நான் எஸ்டேட் ஆபிசில் கிராணி, கணக்கெழுதுகிறவன். எதையும் படித்துத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று நம்புகிறவன். கைப்பேசியில் குழாய்ச் சத்தங்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்தேன். டிக் டிக் என்றால் சூட்டில் குழாய் நீண்டு சுவரில் உரசுகிறது. டம் என்றால், சட்டென்று பைப்பை மூடும்போது ஓடிவந்த தண்ணீர் முட்டிக்கொள்கிறது. கொடகொட என்றால் தொட்டியின் அடியில் வண்டல். இதுவரை ஆறுதலாகத்தான் இருந்தது. கடைசி வீடியோவில் ஒருவர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் இடி ஓயாவிட்டால் உள்ளே நீராவி அடைபட்டிருக்கலாம், வீட்டை விட்டு வெளியேறுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் ஒரு தொட்டி கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது. அன்றிலிருந்து மகள் குளிக்கும்போதெல்லாம் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் குளியலறை. அவர் தேயிலை ஃபாக்டரியில் தூள் பாக்கெட் போடுகிறவர், தனியாக இருப்பவர். அந்தப் பொதுச் சுவரோடுதான் எங்கள் குழாய் ஓடியது. மனைவி பைப்பைத் திறந்து மூடுவாள். நான் எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்துக் கேட்பேன். மூடியதும் டம். சற்றுப் பொறுத்து, நிதானமாக, டொக் டொக்.

இந்த டொக் டொக் எந்த வீடியோவிலும் இல்லை. காலையிலும் மாலையிலும் கேட்டது, மத்தியானத்தில் கேட்கவில்லை. குளிர்தான் காரணம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானத்திலும் கேட்டது. எல்லாரும் வீட்டில் இருப்பதால் தண்ணீரின் வேகம் மாறுகிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

"ஏங்க, ஒரு தொட்டிக்கு இவ்ளோ ஜாதகம் பாக்கணுமா?" என்றாள் மனைவி.

அடுத்த ஞாயிறு காலை கோயில் திருவிழா. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு மலையையே அதிர வைத்துக்கொண்டிருந்தது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலில் இருந்தேன். சுவரில் டொம் டொம் டொம் என்று ஏதோ இடித்தது. ஓய்ந்தது. மறுபடி இடித்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். நிற்கவில்லை, முன்னைவிடப் பலமாக இடித்தது.

"வெளிய வா."

"அப்பா, தலையில சாம்பு."

"சாம்போட வா."

உடுப்பை மாட்டிக்கொண்டு தலை நிறைய நுரையோடு வந்தாள். நான் அடுப்பிலிருந்து கேஸ் தோங்கைக் கழற்றி, அந்தச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டேன். மனைவி ரைஸ் குக்கரை எடுத்துக்கொண்டாள்; சோறு பாதி வெந்திருந்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டி, வெடிக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். கொஞ்ச நேரத்தில் லயமே தூறலில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றது.

கடைசி வீட்டுக்காரர் கேட்டார். "கிராணி, எவ்ளோ பெருசா வெடிக்கும்?"

"தெரியல."

"அப்ப காடிய நகத்திக்கிறேன் லா." போய்க் காரை நகர்த்திவிட்டு வந்து நின்றார்.

எதுவும் வெடிக்கவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய் எங்கள் காலடியில் கால்வாயோரமாக ஓடியது. குந்தி உட்கார்ந்து அதில் காதை வைத்தேன். டொம் டொம் டொம். மகளும் பக்கத்தில் குந்திக் காதை வைத்தாள். குழாயெல்லாம் நுரை.

"அப்பா, பைப்பு ஏன் இளைக்குது?"

"என்னது?"

"மூணு தட்டுது, மூச்சு வாங்குது, மறுபடி தட்டுது. எனக்கு வந்தா நான் பண்ற மாதிரியே இருக்கு." எழுந்து கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "அத்தை எங்க?"

பக்கத்து வீட்டு அக்கா கூட்டத்தில் இல்லை. நான் அவர் கதவைத் தட்டியது நினைவிருக்கிறது. பதில் வந்ததா என்று நின்று பார்க்கவில்லை.

அவர் வீட்டுக்குள் போனபோது குளியலறைப் பலகைக் கதவு ஈரத்தில் ஊதி நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி வீட்டுக்காரரும் நானும் தோளால் முட்டித் திறந்தோம். குளிரில் உதடு நீலமாகி, அடி நசுங்கிய செம்போடு அக்கா நின்றார்.

"தம்பி, இத்தன நாளா நீங்க தட்டுன ஒவ்வொரு தட்டுக்கும் பதில் தட்டியிருக்கேன். அடுப்புல கொழம்பு கொதிச்சாலும் எறக்கி வச்சிட்டு வந்து தட்டியிருக்கேன். இன்னிக்கு நான் தட்டுனேன். குடும்பத்தோட ஓடிட்டீங்க லா."

குழாயின் டம்மைத்தான் அக்கா என் தட்டென்று நினைத்திருக்கிறார். எங்கள் லயத்தில் நடுச்சுவரைத் தட்டினால் "இருக்கீங்களா" என்று கேட்பதாகப் பொருள். இரண்டு தட்டு திரும்பி வந்தால் "இருக்கேன்". நான் பிறந்ததே இந்த லயத்தில்தான்.

"வெடிக்கும்னு நெனச்சேன்க்கா."

அவர் என் கையிலிருந்த கேஸ் தோங்கைப் பார்த்தார். "அதைக் காப்பாத்திட்டீங்க, பரவால்ல."

குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் பழைய ரப்பர் செருப்பை நறுக்கிச் செருகினேன். டம் நின்றது. அக்காவின் கதவை இழைத்துக் கொடுத்தேன். அந்த வேகத்தில் எங்கள் குளியலறைக் கதவையும் இழைத்தேன். இப்போது அது மூடுவதே இல்லை. மகள் உள்ளிருந்து கயிற்றால் கட்டிக்கொள்கிறாள். அந்தக் கயிறு சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பது என் புதிய கவலை.

அதனால் அவள் குளிக்கும்போது நான் ஸ்டூலில் இருந்தபடி சுவரைத் தட்டுகிறேன். உள்ளே மகள் செம்பால் டொக் டொக் என்கிறாள். அதற்கும் அப்பாலிருந்து, கொழம்பை இறக்கிவைக்கும் நேரம் கழித்து, இன்னொரு டொக் டொக் வருகிறது.

"ரெண்டு பேரும் இருக்காங்க," என்கிறாள் மனைவி. "வந்து பசியாறுங்க."

இன்னும் ஒரு தடவை தட்டிவிட்டுப் போகிறேன்.