ஹாரன் அண்ணன் பயணியாகப் போன நாள்

பயணிகள் என்றாலே ஹாரன் அண்ணனுக்கு ஆகாது. அவர்கள் ஏறி இறங்குவதால்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. அது வேறு விஷயம். படகு துறையைத் தொடுவதற்கு முன்பே எழுந்து நிற்பவன், மாத்திரையைப் பெரிய பையில் போட்டு, அந்தப் பையை மூட்டைக் குவியலின் அடியில் கொடுத்துவிட்டு நடுக்கடலில் கேட்பவள், வயிறு முட்டத் தின்றுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து அடுத்தவன் காலில் வாந்தி எடுப்பவன், சாயங்காலம் வரை தீவைச் சுற்றிவிட்டு, காற்று ஏறிக் கடைசிப் படகு நின்றுபோனதும் சண்டைக்கு வருபவன். இவர்களை எல்லாம் பெற்றவர்கள் எப்படித்தான் வளர்த்தார்களோ என்று வாய்விட்டே கேட்பார். அவர்கள் காதில் விழும்படித்தான் கேட்பார்.

அவர் வேலை கயிறு. கரைக்கும் பெரிய தீவுக்கும் நடுவே ஓடும் பழைய ஃபெரியில், துறை நெருங்கும்போது முதல் ஆளாகக் கரையில் குதித்து, கயிற்றை இரும்புக் கட்டையில் சுற்றிப் படகை நிறுத்துவார். கிளம்பும்போது கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கடைசி ஆளாகத் தாவி ஏறுவார். வெறுங்கால்தான், செருப்பு வழுக்கும். ஒரு மழைக்காலத்தில் படகின் ஹாரன் கெட்டுப்போய், சரிசெய்ய ஆள் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? நம்மாளு வாய் இருக்கே" என்றார் கேப்டன். அன்றைக்கு ஒட்டிய பேர். பெண்டாட்டி மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவளுக்கு வேறு பேர்கள் இருந்தன.

அந்த வாயால்தான் அவருக்குப் பேரன் முகம் கிடைக்காமல் போனது. கல்யாணமான புதிதில் மகளும் மாப்பிள்ளையும் அவர் படகிலேயே கிளம்பினார்கள். பெரிய தீவை நெருங்கும்போது, கயிறு கட்டுவதற்கு முன்பே மாப்பிள்ளை எழுந்து, வாசல் ஓரத்தில் கால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எருமை மாதிரி நிக்கிற!" என்று ஒரு சத்தம் போட்டார் அண்ணன். மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, அக்கா, அக்கா புருஷன், எல்லாரும் படகில். மகள் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

பிறகு பேரன் பிறந்தான், தவழ்ந்தான், நடந்தான். பெண்டாட்டி மட்டும் மகள் வாக்கப்பட்ட கடைசித் தீவுக்குப் போய் வந்தாள். இவர் போனில் பார்த்தார். போனில் தெரிகிற பிள்ளை ஒரு பிள்ளையா? ஒருவழியாக மகள் மனம் இறங்கி, அம்மாவிடம் போனில் சொன்னாள். "அப்பா வரட்டும். ஒரு நாளைக்கு. எங்க வீட்டுக்காரர் மேல ஒரு வார்த்தை விழுந்துச்சோ, அடுத்த தடவை நீ மட்டும் வாம்மா."

"கேட்டுச்சுல்ல?" என்றாள் பெண்டாட்டி. "வீட்ட விட்டு எறங்கி வீடு திரும்புற வரைக்கும் யார்மேலயும் கத்தக்கூடாது. மாப்பிள்ள மேலன்னு இல்ல, காக்கா மேலகூட."

"நான் என்னத்தக் கத்துறேன்?" என்று கத்தினார் அவர்.

பெரிய தீவிலிருந்து மகள் ஊருக்கு வேறு கம்பெனியின் புது ஃபெரி. நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஏசி, காற்று வர ஒரு சந்து கிடையாது. இப்படி மூடிவைத்தால் குமட்டாமல் என்ன செய்யும் என்று ஏறும்போதே பல்லைக் கடித்தார். ஆனாலும் தொழில் தெரிந்த ஆள். காலையில் கடல் அடங்கியிருக்கும் என்று முதல் படகையே பிடித்தார். ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில், பின்பக்கம் தள்ளி, வெயில் விழாத பக்கமாக இடம் போட்டார். பெண்டாட்டியை இரண்டு இட்லிக்கு மேல் தின்னவிடவில்லை. "போனப் பாக்காத. தூரத்துல கடலும் வானமும் சேர்ற எடத்தப் பாரு, வயிறு பொரட்டாது" என்றார். எல்லாம் சரி. டிக்கெட்டையும் தன் போனையும் மட்டும் பெண்டாட்டியின் கைப்பையில் போட்டு, "பத்திரம்" என்றார். டிக்கெட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு முழிப்பவர்களை அவர் திட்டிய திட்டுக்கு அளவே இல்லை. அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. செருப்பையும் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

வழியில் நடுத் தீவு. படகு துறையை நெருங்கியதும் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பெண்டாட்டி அவர் தொடையைக் கிள்ளினாள். வாசலில் நின்ற கயிற்றுக்காரன் கயிற்றை வீசினான். வீசினானா அது? துணி காயப்போடுகிறவன்கூட அதைவிடக் குறி பார்த்துப் போடுவான். கயிறு தண்ணீரில் விழுந்தது. மறுபடி வீசினான். மறுபடி தண்ணீர். படகின் பின்பக்கம் விலக ஆரம்பித்தது.

அதற்கு மேல் அண்ணன் யோசித்துச் செய்தது எதுவும் இல்லை. கை கால் தானாகவே செய்தது. வாசலுக்குப் போனார், கயிற்றைப் பிடுங்கினார், கரைக்குத் தாவினார், இரும்புக் கட்டையில் இரட்டைச் சுற்றுப் போட்டு இழுத்தார். படகு பசுமாதிரி வந்து நின்றது. கரை ஆட்களில் ஒருவன், "யாருப்பா இது, புதுசா வேலைக்கு வந்த ஆளா?" என்று கேட்டான். பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. இறங்கிய ஒரு தொப்பிக்காரன், கயிற்று வளையத்துக்குள் கால் வைத்து நின்றபடி போன் பேசிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அடக்கிவைத்தது அத்தனையும் அவன் மேல் கொட்டியது.

"யோவ்! காலு வேணுமா வேணாமா ஒனக்கு? கயிறு இழுத்துச்சுன்னா முட்டிக்குக் கீழ மிஞ்சாது. நின்னு பேச ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

தொப்பிக்காரனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "நீ யாருய்யா என்னைக் கேக்க?" என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. தான் யாரென்று விளக்கிக்கொண்டே, பழக்கதோஷத்தில் கயிற்றையும் அவிழ்த்துப் படகில் எறிந்தார். இவருடைய சொந்தப் படகாக இருந்தால் கேப்டன் இவர் தாவும்வரை நிற்பார். இந்தப் படகில் கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்த்தபோது நடுவில் கடல் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டி நின்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. பாவி கட்டிய படகு, சத்தம்கூட வெளியே வரவில்லை. அது ஒன்றுதான் நல்லது.

சிமெண்டுத் துறை கொதித்தது. ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துத் துள்ளிக்கொண்டே டிக்கெட் ஜன்னலுக்குப் போனார். உள்ளே ஒரு பெண் இருந்தாள்.

"ஏம்மா, படகத் திருப்பச் சொல்லு!"

"டிக்கெட் எங்கண்ணே?"

"என் பொண்டாட்டிகிட்ட."

"அவங்க எங்க?"

"படகுல."

"அப்ப நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் கூச்சல்தான் போட்டார். அந்தப் பெண் அசரவில்லை. "டிக்கெட்டும் போனும் அவங்கவங்க கையில இருக்கணும்ணே. நடுவுல நிக்கிற எடத்துல எறங்கக் கூடாது. கால்ல வார் வச்ச செருப்பு போட்டிருக்கணும். எத்தனை தடவதான் சொல்றது உங்களுக்கெல்லாம்?" என்றாள். உங்களுக்கெல்லாம்! அவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். கோபத்தில் காது மடல் சுட்டது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல் மாற்ற இடமில்லை, அவரே தினம் சொல்வது.

அவளுடைய போனை வாங்கித் தன் நம்பருக்கே அடித்தார். பெண்டாட்டி எடுத்தாள்.

"நான்தான்."

"யாரு நீங்க? எனக்குப் புருஷன்னு ஒருத்தர் இருந்தாரு, நடுத் தீவுல கயித்துக்கு வாக்கப்பட்டுப் போயிட்டாரு. வைங்க போன."

அதே படகு கடைசித் தீவுக்குப் போய், சாயங்காலம் திரும்ப இங்கே வந்து, மறுபடி கடைசித் தீவுக்குப் போகும். அதுதான் அன்றைய கடைசி. "காத்து ஏறுனா அதுவும் கெடையாதுண்ணே" என்றாள் ஜன்னல் பெண். அண்ணன் கடலைப் பார்த்தார். தூரத்தில் அலையின் தலை வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாளைக்கு என்று மகள் சொன்ன நாள் இதுதான். இது போனால் அடுத்து எப்போதோ. இல்லாமலேகூடப் போகலாம். கயிற்றுக்காரனைத் திட்டினார், கண்ணாடிக் கதவைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார், தொப்பிக்காரனைத் திட்டினார். திட்ட ஆள் தீர்ந்துபோய், நிழலில் குந்தித் தன்னையே கொஞ்ச நேரம் திட்டினார். அதுதான் அன்றைக்கு நீளமாகப் போனது.

சாயங்காலம் படகு ஆடிக்கொண்டே வந்தது. கயிறு கட்டவில்லை. அதற்குள் ஒருவன் எழுந்து வாசல் ஓரத்தில் கால் வைத்து நின்றான், கையில் பிளாஸ்டிக் பை. கிட்டே வந்ததும் தெரிந்தது. மாப்பிள்ளை.

அதே நிற்பு. அதே கால். ஹாரன் அண்ணனின் வாய் திறந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் பிதுங்கியது.

மாப்பிள்ளை இறங்கி நேராக வந்தார். பையிலிருந்து அண்ணனின் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டார். அப்புறம் ஆரம்பித்தார்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு மாமா உங்களுக்கு? அங்க உங்க பொண்ணு அழுதுக்கிட்டிருக்கா. அத்தை ஒரு வாய் சாப்பிடல. ஊரு காலை எல்லாம் காப்பாத்தப் போறீங்க, சொந்தக் கால் எங்க இருக்கணும்னு தெரியாதா?"

துறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஜன்னல் பெண் எட்டிப் பார்த்தாள். கரை ஆட்கள் சுமையை இறக்கிவைத்துவிட்டே பார்த்தார்கள். அண்ணனின் தொண்டைவரை வந்தது. வாழ்நாளிலேயே இப்படி ஒரு பதில் அவருக்குச் சிக்கியதில்லை, அவ்வளவு காரமான பதில். முழுங்கினார். முழுங்கியது இறங்குவது வெளியே தெரிந்தது.

"ஆமா மாப்பிள்ள. பொடனியிலதான் இருக்கு" என்றார், திட்டுகிற குரலிலேயே.

மாப்பிள்ளை திரும்பி டிக்கெட் ஜன்னலுக்குப் போனார். இரண்டு டிக்கெட் வாங்கி வந்து, ஒன்றை மாமனாரின் சட்டைப் பையில் தானே செருகினார். கேப்டன் கடலை ஒருதரம் பார்த்து, சீக்கிரம் ஏறச் சொன்னார்.

படகு தூக்கித் தூக்கிப் போட்டது. மாப்பிள்ளையின் முகம் வெளுத்தபோது, "தூரத்துல பாருங்க" என்றார் அண்ணன், கோபமாக. மாப்பிள்ளை பார்த்தார்.

கடைசித் தீவின் துறை நெருங்கியது. கூட்டம் எழுந்து நின்றது. வெளியே நின்ற கயிற்றுக்காரன் வீசினான். தண்ணீரில் விழுந்தது. அண்ணனின் உடம்பு இருக்கையை விட்டு எழும்பியது. பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையை முறுக்கிப் பிடித்தது.

"உக்காருங்க மாமா. இன்னும் கட்டல."

"அவன் ரெட்டைச் சுத்து போடமாட்டான் மாப்பிள்ள, அவனுக்கு..."

"தெரியும். உக்காருங்க."

உட்கார்ந்தார். பல்லைக் கடித்தது பக்கத்து இருக்கைக்குக் கேட்டிருக்கும். கயிறு ஒருவழியாகக் கட்டையில் விழுந்து, அலைக்கு மூடிவைத்திருந்த கதவு திறந்தது. திறந்ததும் கரையிலிருந்து ஒரு அலறல் உள்ளே பாய்ந்தது. மகள் இடுப்பில் ஒரு பொடியன், பாட்டி கையிலிருந்த குடை தனக்கு வேண்டும் என்று, முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தான். எழுந்து நின்றவர்கள் எல்லாம் அப்படியே திகைத்து நின்றார்கள்.

"யாரு வீட்டுப் புள்ளடா இது, இந்தக் கத்து கத்துது!" என்றார் முன்னால் நின்றவர்.

"எங்க வீட்டுதுதான்" என்றார் மாப்பிள்ளை. "தெனமும் இதேதான். யாரைக் கொண்டு பொறந்துச்சுன்னு தெரியல."

மாமனாரின் சட்டையை அவர் இன்னும் விடவில்லை.