சிம்பராசோவுக்கு முன்னால் இமெல்டா

ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தில் வாழைப்பழப் பெட்டி இறக்கியே முதுகு தேய்ந்தவர் சூசைதாசன். பெட்டிகளில் 'எக்குவடோர்' என்று அந்தத் தென்னமெரிக்க நாட்டின் பெயர் அச்சடித்திருக்கும். ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான மன்னாருக்குப் போகாமல், மனைவி இமெல்டாவையும் இழுத்துக்கொண்டு அந்த எக்குவடோருக்கே போய்வந்தார். மனிசனுக்கு விசர் என்று சனம் கதைத்தது.

வந்தவர் சும்மா இருந்தாரா? அந்த நாட்டின் இயற்கையைத் திரையில் காட்டப்போவதாகத் தேவாலயப் பங்கு மண்டபத்தைக் கேட்டுவிட்டார். டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், முதன்முதலாக மேடையேறப் போகிறார். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் ஓயாத பயிற்சி.

அன்று மாலை, மண்டபப் பொறுப்பாளர் அன்னா படங்களைப் பார்த்து முகம் சுளித்தாள். கண்டல் காட்டுக்கு முன்னால் இமெல்டா. பனிமலைக்கு முன்னால் இமெல்டா, கைப்பையோடு. ஆள் நிற்காத படத்தை எங்கள் சனம் படம் என்றே எண்ணுவதில்லையே! "இயற்கை எங்கே?" என்று அன்னா கேட்டாள். மண்டபமோ நிறைந்துவிட்டது.

சூசைதாசன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். "என்னால ஏலாதப்பா. வாரும், வீட்டை போவம்."

இமெல்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு ஆசைப்பட்ட மனிசன் தலைகுனிந்து திரும்புவதா? "என்ன கதை இது? படத்தைப் போடுங்கோ. நான் சொல்லுறன்."

தனக்குத் தெரிந்த டொச்சில் தொடங்கினாள். காலையில் கடற்கரை: பருத்திச் சட்டை, முகமெல்லாம் வியர்வை. மதியம் முகில் மூடிய காடு: தோளில் சால்வை, பின்னால் விரலளவு ரீங்காரச்சிட்டு. பிறகு குளிர்ந்த புல்வெளி: தடித்த ஜாக்கெட், ஒட்டகச் சாடையில் விக்குனாக்கள். கடைசியில் சிம்பராசோ பனிமலை: கையுறைக்குப் பதிலாகக் கையில் புருசனின் காலுறை, வெளியே தெரிவது மூக்கு மட்டும்.

"எல்லாம் ஒரே நாளிலா?" யாரோ எழுந்து கேட்டார்.

"ஒரே நாளில்!"

மண்டபம் சிரித்தது, பிறகு வியந்தது. ஒரு பெண்ணின் உடுப்பிலேயே ஒரு நாடு முழுவதும் தெரிந்தது. சூசைதாசனுக்கு உயிர் வந்தது. ஒலிவாங்கியை வாங்கி, மலையின் மறுபக்கம் அமேசன் காட்டுக்கு இறங்கிய கதையைத் தாளே பார்க்காமல் பொழிந்து தள்ளினார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரையும்விடப் பெரிதாகத் தட்டியவள் இமெல்டா.

அன்னா ஓடிவந்தாள். பனிமலைப் படத்தை மண்டப வாசலில் மாட்டவேண்டுமாம்.

"ஐயோ, பாதி மலையை நானெல்லோ மறைச்சுப்போட்டன்," என்றாள் இமெல்டா கணவரிடம். "அடுத்தமுறை தள்ளி நிக்கிறன்."

"ஒரு அடியும் தள்ளாதேயும்," என்றார் சூசைதாசன்.