நேபிள்ஸில் மாமா சாப்பிட்டது

இரண்டு பட்டை வைத்துத் தைத்த ஒரு காக்கிப் பை. அதை முதுகில் மாட்டிக்கொண்டு, கைகளை வீசியபடி ஒருவர் எங்கள் தெருவுக்குள் வந்தார். பிள்ளையார்பாளையத்தில் மூட்டையைத் தலையில் வைப்பார்கள், தோளில் போடுவார்கள், சைக்கிளில் கட்டுவார்கள். முதுகில் மாட்டிக்கொண்டு நடந்த ஆளை அன்றுதான் முதலில் பார்த்தேன். காலை வெயிலில் தெரு நெடுக யாருடைய பாவோ நீட்டிக் கட்டியிருந்தது. நெசவுக்கான நீள இழைகளைத்தான் பாவு என்போம். அதில் அறுந்த இழை கண்ணில் பட்டால், போகிறவர் யாராக இருந்தாலும் நின்று முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். பாவு யாருடையது என்று கேட்கிற வழக்கம் கிடையாது. பை மாட்டிய மனிதர் சட்டென்று நின்றார், குனிந்தார், இரண்டு விரலால் ஓர் இழையை எடுத்து முடிந்துவிட்டு நிமிர்ந்தார். அந்த விரல்களைப் பார்த்த பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது. என் மாமா. அம்மாவுக்குக் கடைசித் தம்பி. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

அது எழுபதுகளின் தொடக்கம். தறியில் உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு மாமா மெட்ராஸ் போய்க் கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். முட்டி வலியெல்லாம் சும்மா. ஊர் சுற்றும் ஆசை, அவ்வளவுதான். போவதற்கு முன்பே என் அக்காவை அவருக்குத்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். அக்காவுக்கும் அதில் பரம சம்மதம். அவர் போன பிறகு அவளுக்கு வந்த வரன்களை எல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று அவளே தட்டிக்கழித்தாள். இதற்கிடையில், மாமாவுக்கு இத்தாலியில் வயிற்றில் ஆபரேஷன் ஆகி, கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று சேதி வந்தது. அம்மா அழுதாள். அப்பாவின் கவலை வேறாக இருந்தது. அவர் சிவ தீட்சை வாங்கியவர். எங்கள் வீட்டுச் சட்டியில் முட்டைகூட வெந்ததில்லை. "அவன் அங்க இன்னாத்த துன்னுக்கினு கீறானோ" என்பார். பிறகு தீர்ப்பு மாதிரிச் சொல்லிவிட்டார்: "கவுச்சி தொடலன்னு அவன் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், பொண்ணக் குடுக்கறேன். இல்லன்னா இல்ல."

ஆகவே அன்று மாமா குளித்து, திருநீறு பூசி வந்து உட்கார்ந்தும், அம்மா இலை போடவில்லை. அப்பா கேட்டு முடிக்கட்டும் என்று சமையலறை வாசலில் நின்றாள். கதவுக்குப் பின்னால் அக்கா. நான் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பள்ளி இறுதி வகுப்புப் படிக்கிறவளை யாரும் விரட்டவில்லை. வீடு பூராவும் சாம்பார் மணம். மாமா ஒரு 'இல்லை' சொன்னால் கல்யாணம். அம்மா கண்ணாலேயே அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மாமாவோ ஊர்க் கதையை ஆரம்பித்தார். நேபிள்ஸ் என்ற அந்தத் துறைமுகப் பட்டணத்தில் அடுத்த கப்பல் வரும் வரை காத்திரு என்று சொல்லி, மாலுமிகள் விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்களாம். கட்டிலில் கிடக்கிற ஜென்மமா அவர்? பையை முதுகில் மாட்டிக்கொண்டு தினமும் தனியாகக் கிளம்பிவிடுவாராம். "நம்ம கருட சேவ கூட்டம் இருக்குது பாரு, அங்க அது தெனமும் இருக்குது மச்சான்" என்றார் அப்பாவிடம். ஒரு வண்டி போகிற சந்தில் மூன்று ஸ்கூட்டர் வருமாம். எல்லாரும் கத்துவார்களாம், ஆனால் சண்டை இல்லையாம், பேச்சே அதுதானாம். மூன்றாம் மாடிப் பெண்கள் கயிற்றில் கூடையை இறக்க, தெருவில் நிற்கிற கடைக்காரர் காய்கறியைப் போட்டு அனுப்புவாராம். குண்டுமணி அளவு கோப்பையில் கசக்கிற காபி. எண்ணெயில் போட்டதும் பூரி மாதிரி உப்பும் மாவு. எதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க பாஷை தெரியாததால், வாரக்கணக்கில் ரொட்டியும் தக்காளியும் எலுமிச்சம்பழமும் மட்டும் சாப்பிட்டிருக்கிறார். ஆபரேஷன் ஆன உடம்பு அதற்கு எத்தனை நாள் தாங்கும்? நடக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வருமாம்.

அப்படி ஒரு நாள் ஒரு முடுக்குக்குள் போனபோது, ஒரு வீட்டு வாசலில் கோலின் மேல் வெள்ளை வெள்ளையாக நீளமான இழைகள் தொங்கின. நடுவில் ஒன்று அறுந்திருந்தது. மாமா யோசிக்கவே இல்லை. நின்றார், இரண்டு விரலால் எடுத்தார், முடிச்சுப் போடப் பார்த்தார். அது பிய்த்துக்கொண்டு வந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் போயிற்று. அது நூல் அல்ல, அந்த வீட்டம்மா பிசைந்து காயப்போட்டிருந்த மாவு. அந்த அம்மாள் ஓடிவந்து ஊரைக் கூட்டிவிட்டாள். மாமா பயத்தில் முடிச்சுப் போடுகிற மாதிரி விரலை விரலால் சுற்றிக் காட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். நின்றிருந்தால் விழுந்திருப்பார். அவள் கத்துவதை நிறுத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, அதே இழைகளை வேகவைத்துக் குழம்பு ஊற்றித் தட்டில் போட்டாள்.

இன்று என் பேத்தி ரங்கசாமி குளத்துப் பக்கம் புதிதாக வந்த கடையிலிருந்து அதே இழைகளை டப்பாவில் வாங்கி வருகிறாள். கவுச்சி இல்லாததுதான், நானும் இரண்டு வாய் சாப்பிடுவேன். அன்று மாமா அதை விவரித்தபோது எனக்கு ஊறிய எச்சில் இதற்கு ஊறுவதில்லை. வீட்டில் யாரும் யாரையும் என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பதும் இல்லை. அது நல்லதுதான். ஆனாலும் அந்தக் கூடத்தை நினைத்தால் மனசு ஏங்குகிறது. ஒரு மனிதர் எங்கோ ஒரு வாய் சாப்பிட்டதற்காக ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அப்பா கேட்டேவிட்டார். "அந்தம்மா போட்டதுல கவுச்சி இருந்திச்சா?"

"இருந்திச்சு மச்சான். தக்காளிக் கொழம்புல கறி போட்டு வேக வெச்சிருந்தாங்க. வாசன வந்திச்சு. தெரிஞ்சேதான் சாப்ட்டேன்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எனக்கு மாமாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அதற்குள், அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் செய்யாததை அக்கா செய்தாள். கதவை விட்டு வெளியே வந்து அப்பாவுக்கு எதிரில் நின்றாள்.

"சாப்டாம அங்கியே செத்துப் போயிருந்தா, நீ என்ன யாருக்குப்பா கட்டிக் குடுப்ப?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு மாமாவை, அந்த எலும்பு துருத்திய கழுத்தை, வெகு நேரம் பார்த்தார். தீட்சை வாங்கிய நாளிலிருந்து அவர் சொன்ன சொல் மாறி நான் கண்டதில்லை. தோளில் போட்ட துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தார்.

"எல போடும்மா" என்றார் அம்மாவிடம்.

மாமா சோற்றைப் பிசைந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அக்காவே பரிமாறினாள். அப்பா சுவரைப் பார்த்தபடி கேட்டார்: "ஏம்பா, அந்தம்மா உன்ன மறுசோறு வேணுமான்னு கேட்டாளா?"

"நான் வேணாம் வேணாம்னாலும் வுடல மச்சான். மறுபடியும் மறுபடியும் போட்டாங்க."

அப்பா திரும்பி மாமாவைப் பார்த்தார். "நல்லாருக்கட்டும் மகராசி" என்றார்.