சுடுகாட்டுக்குள் ஒரு டீக்கடை

துரைராஜுக்கு அக்கா அமிர்தத்தின் மேல் ஒரு கோபம் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஆறாத கோபம். நிலக்கரிச் சுரங்கத்துக்காக அவர்கள் ஊரை எடுத்தபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். துரைராஜ் அப்போது அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டு மாடு ஓட்டிக்கொண்டிருந்த பயல். அப்பா அந்த வேலையை மருமகன் சிங்காரவேல் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டார். சிங்காரவேல் பர்மனென்ட் ஆனார். அக்காவுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம், குழாயைத் திருகினால் தண்ணீர். துரைராஜுக்கு மீசை முளைத்தபோது கிடைத்தது கான்ட்ராக்ட் வேலை. சுரங்கத்தில் வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரி வாரி மறுபடியும் பெல்ட்டிலேயே போடவேண்டும். தலை நரைத்த பிறகும் அதே மண், அதே மண்வெட்டி. 'என் தம்பிக்கும் ஒரு வழி பண்ணுங்கப்பா' என்று அக்கா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை.

அக்காவுக்கும் அவனிடம் கேட்க ஒன்று இருந்தது. அவளுடைய முதல் பிள்ளை, ஆண் பிள்ளை, தவழ்கிற வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. கைப்பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் வரக்கூடாது. தாய்மாமன் என்று துரைராஜ்தான் பழம்புடவையில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு போனான். பெற்றவள் தெருமுனையோடு நிறுத்தப்பட்டாள். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதில் பார்த்தாலும் அவனை ஓரமாக இழுத்து, "எந்த எடம்டா வச்ச?" என்பாள். "ஏரிக்கர பக்கந்தான்க்கா. வுடேன்" என்று இவன் நழுவிவிடுவான். அந்த ஏரியும் கரையும் எப்போதோ சுரங்கத்துக்குள் போய்விட்டதை அவளிடம் சொல்ல அவனுக்கு நாக்கு வந்ததில்லை. குவார்ட்டர்ஸை விட்டு அந்தப் பக்கம் போயிராத அவள், வீடும் வயலும்தான் போயின, ஏரி அப்படியே இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

2016-இல் அமிர்தத்தின் மகள் நந்தினி பெர்லினில் பிள்ளை பெறப் போகிறாள் என்று சேதி வந்தது. சிங்காரவேல் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். "தம்பி வந்தாத்தான் ஏரோப்ளேன் ஏறுவேன்" என்று அக்கா அடம்பிடித்தாள். மருமகன் சிலம்பரசன் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். இரண்டு டிக்கெட் அனுப்பினான். பக்கத்திலிருக்கிற குறிஞ்சிப்பாடியைத் தாண்டினாலே தலைசுற்றல் மாத்திரை கேட்கிற துரைராஜ் பெர்லினில் போய் இறங்கினான்.

இறங்கியதிலிருந்து அவனுக்கு அடிமேல் அடி. பாதாள ரயிலுக்குள் நுழைய கேட்டும் இல்லை, டிக்கெட் கேட்க ஆளும் இல்லை. ஆனாலும் சனம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறியது. ரயிலுக்குள் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய் ஏறி, சீட்டுக்கடியில் மரியாதையாகப் படுத்தது. பெட்டி நிறைய ஆட்கள், எழவு வீட்டில் கூட அவ்வளவு அமைதி இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடை மொத்தமும் பூட்டு.

"பந்த்தா மாப்ள?" என்றான்.

"இல்ல மாமா. ஞாயித்துக்கிழம இங்க அப்படித்தான்."

"திடீர்னு விருந்தாளி வந்தா என்னாய்யா பண்ணுவானுங்க?"

"இங்க திடீர்னு யாரும் வரமாட்டாங்க மாமா."

அதைக் கேட்டுத்தான் துரைராஜ் அதிகமாக அதிர்ந்தான்.

சிலம்பரசன் ஊரைச் சுற்றிக் காட்டினான். மேலே குதிரைகள் பூட்டிய தேர் நிற்கிற பெரிய கல் வாசல். வானத்தில் குண்டு ஒன்றைக் கோத்த மாதிரி நிற்கிற டிவி கோபுரம். பூங்காவில் ஆணும் பெண்ணும் துணியைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் புல்லில் படுத்து வெயில் காய்ந்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஏன் மாப்ள, இதுக்கா எங்கள இட்டாந்தீங்க?" என்றாள். ஒரு தெருவில் பழைய மதில்சுவர் கொஞ்சம் மிச்சம் நின்றது. ஊரின் நடுவே சுவர் எழுப்பி, தாண்டி ஓடியவர்களைச் சுட்டார்களாம். "சொந்த சனத்தையா?" என்று துரைராஜ் இரண்டு தரம் கேட்டுக்கொண்டான்.

நடைபாதையில் அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைத் தகடு பதித்திருந்தது. ஹிட்லர் காலத்தில் அந்தந்த வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய்க் கொன்றவர்களின் பெயர்கள் என்று மருமகன் சொன்னான். அதற்குப் பிறகு அக்கா தெருவில் நேராக நடக்கவில்லை. தகடு தென்பட்டால் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். "பேரு எழுதி வச்சிருக்கானுங்களேடா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அக்கா பத்தியச் சாப்பாடும் மருந்துக் குழம்புமாக ஓடிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. மத்தியானம் கொஞ்ச நேரம் காணாமல் போவாள். வந்ததும் தலைக்குக் குளிப்பாள். பிறகுதான் பிள்ளையைத் தொடுவாள்.

"ஏம்மா தெனம் ரெண்டு குளியல்? சளி புடிச்சா இங்க டாக்டரப் பாக்கறதே பெரிய பாடு" என்று நந்தினி கத்துவாள். அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் போனவள் வெகுநேரமாகியும் திரும்பவில்லை. போனும் வீட்டிலேயே கிடந்தது. "மாமா, கொஞ்சம் பாருங்க மாமா, எனக்கு பயமா இருக்கு" என்று நந்தினி பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றாள். துரைராஜ் இறங்கினான். எதிர்த்த சாரியில் ஒரு நீளச் சுவரும் இரும்புக் கேட்டும் உண்டு. உள்ளே ஒரே மரங்கள். பூங்கா என்று நினைத்து நுழைந்தவனுக்கு நாலு எட்டு வைத்ததும்தான் தெரிந்தது. வரிசை வரிசையாகக் கல்லறைகள். சனம் பூச்செடிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தது. அதிலும் பாதிக்கு மேல் பெண்கள். நட்ட நடுவில் ஒரு டீக்கடை! மேஜை, நாற்காலி, கேக், சிரிப்பு. அதில் ஒரு நாற்காலியில், ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்குப் பக்கத்தில், அவன் அக்கா கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா! இது என்னா எடம்னு தெரிஞ்சிதான் குந்திகினு இருக்கியா?"

"ஏன் தெரியாது? சுடுகாடு."

"சுடுகாட்டுல டீ குடிக்கிற!"

"டீ இல்லடா, காப்பி. கசக்குது. இந்தம்மா ஆசயா வாங்கிக் குடுத்தா, வேணான்னு சொல்லத் தெரியல."

"கைப்புள்ள இருக்கிற வூடுக்கா அது!"

"அதுக்குத்தான் தெனம் முழுகுறேன்."

கிழவி சிரித்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். துரைராஜ் உட்காரவில்லை. அக்கா எழுந்து அவன் சட்டையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துப் போனாள். அங்கே கல்லெல்லாம் சின்னச் சின்னதாக இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் காகிதக் காற்றாடி, பொம்மைக் கார், கரடி. துரைராஜ் திரும்பி நின்றுகொண்டான்.

"அந்தக் கெழவி புள்ள இதுல ஒண்ணு, கைசாடையிலயே சொன்னா. அவளுக்கு முட்டி வலி, குனிய முடியல. நாந்தான் தண்ணி ஊத்துறேன்" என்று அக்கா தண்ணீரோடு இருந்த பச்சை நிறப் பூவாளி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "ஏண்டா, எடத்த குத்தகைக்குத்தான் குடுப்பாங்களாமே? இருவது வருசம் கழிச்சி மறுபடி காசு கட்டலன்னா எடுத்துடுவாங்கன்னு மாப்ள சொன்னாரு."

"அப்ப செத்தவனுக்கும் கான்ட்ராக்ட்தானா?" துரைராஜ் பேச்சை மாற்றப் பார்த்தான்.

"இருவது வருசமாச்சும் வுடறாங்களே. பெத்தவ வந்து பாக்கறாளே." அக்கா அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "சொல்லு துரை. எந்த எடம்டா வச்ச?"

நழுவ அங்கே இடமில்லை. சொந்தக்காரன் எவனாவது வந்து குறுக்கே பேசவும் மாட்டான்.

"அந்த எடம் இல்லக்கா. ஏரி, கர, எல்லாம் மைன்ஸுக்குள்ள பூடுச்சி. ஊரக் காலி பண்ணப்பவே அதயும் சேத்துத்தான் குடுத்தோம்."

அவள் கையிலிருந்த பூவாளி சாய்ந்து தண்ணீர் அவள் செருப்பின் மேல் கொட்டியது.

"அந்த மண்ணு என் பெல்ட்லதான் வந்துது. நம்ம ஏரிக் களிமண்ணுக்கா, எனக்குத் தெரியாதா? அன்னிக்கு சிந்துனத நான் மம்புட்டியால வாரல. கையாலதான் அள்ளிப் போட்டேன். சூப்பர்வைசர் பைத்தியக்காரான்னு கேட்டான்."

பூவாளியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். "எங்க கொட்னாங்க?"

"சொரங்கத்துக்குப் பின்னால. மலயாட்டம் மேடு மேடா கொட்டி மரம் நட்டிருக்காங்க. காடாட்டம் ஆயிடுச்சி."

"இத்தினி வருசம் சொல்லல நீ."

"நீயுந்தான் எனக்காக ஒரு வார்த்த சொல்லல! மாமாவுக்கு வேல எழுதுனப்ப அங்கதான குந்திகினு இருந்த?" நினைக்காமல் வாயில் வந்துவிட்டது.

அக்கா அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "புள்ள போன மாசம்டா அது. யாரு வந்தாங்க, என்னா எழுதுனாங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. அந்த வருசம் நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. ஒங்க மாமன் வேலைக்குப் போறாருன்னே எனக்கு அப்பறந்தான் தெரியும்."

துரைராஜுக்குக் காலுக்கடியில் பெல்ட் ஓடுவதுபோல இருந்தது. பிள்ளை போன மாசமும் வேலை எழுதிய மாசமும் ஒன்றுதான். இரண்டையும் அவனே கண்ணால் பார்த்தவன். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடச் சேர்த்துப் பார்த்ததில்லை. சின்னக் கல் ஒன்றின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். அக்கா மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, "எழுந்திரு. நந்தினி பசியோட இருப்பா" என்றாள்.

அவன் லீவு முடிந்தது. அக்கா இன்னும் சில மாதம் அங்கே இருக்க வேண்டும். விமான நிலையத்தில் நந்தினியும் சிலம்பரசனும் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா பைக்குள்ளிருந்து அந்தப் பச்சைப் பூவாளியை எடுத்தாள். கிழவி கொடுத்ததாம்.

"இத நான் தூக்கிகினு போனா பிளேன்ல சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். போயி எந்த மேடுன்னு பாத்து வையி. மைன்ஸ் கேட்டுல நிக்கிறவன்கிட்ட முன்னாலயே பேசி வையி. தையில வந்துடுவேன்."

"பொம்பளைங்க அங்கல்லாம்..."

"நீ சும்மா இரு. எவன் கேட்டாலும் நான் பேசிக்கிறேன். நீ இதுல தண்ணிய ரொப்பி எடுத்துகினு என்கூட வா, போதும்."